படம் வரைந்து பாகங்களைக் குறி

நெருஞ்சிப்பாளையம் அரசு பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புக் கரும்பலகையில் மகுடேஸ்வரி வரைந்த இதயம் துடிக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில். சிவப்புச் சாக்பீஸால் பெருந்தமனியின் வளைவை இழுத்து முடித்து, நுரையீரல் தமனிக்காக நீலச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது, அவள் கைக்குக் கீழே அந்தப் படம் ஒருமுறை சுருங்கியது, விரிந்தது, பிறகு நெடுநாளாக இதையே செய்துகொண்டிருந்ததுபோல நிதானமாகச் சுருங்கி விரிந்துகொண்டே இருந்தது. முப்பத்துநான்கு பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள். யாரும் அலறவில்லை. நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தவர்கள்தான் முறையிட்டார்கள்.

"டீச்சர், அசைஞ்சுக்கிட்டே இருக்குதுங்க டீச்சர். எப்படிங்க வரையறது?"

ஜெபராணி டீச்சர் நாகர்கோவில்காரர். கணக்கு டீச்சர். தலைமையாசிரியை மாற்றலாகிப் போனதிலிருந்து அந்தப் பொறுப்பும், அறிவியல் டீச்சர் மாற்றலாகிப் போனதிலிருந்து அந்தப் பாடமும் அவர் தலையில் வந்து விழுந்திருந்தன. பாடத்தை வரி வரியாக வாசித்துவிடுவார், படம் மட்டும் வராது. அவர் வரைந்த சிறுநீரகத்தைப் பார்த்து மாங்காய் என்று ஒரு பிள்ளை பாகம் குறித்ததற்குப் பிறகு, வகுப்பில் நன்றாக வரைகிற மகுடேஸ்வரியிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டிருந்தார். இப்போது அவர் புத்தகத்தையும் பலகையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சுருங்கும்போது ஒண்ணு வரைங்க, விரியும்போது ஒண்ணு வரைங்க பிள்ளைகளா. ரெண்டும் பாடத்துல உள்ளதுதான்" என்றார்.

அடுத்த பீரியடும் அவருடையதுதான், கணக்கு. பலகையைத் துடைத்தபோது எழுத்துகள் போயின, அம்புக்குறிகள் போயின, இதயம் மட்டும் போகவில்லை. டஸ்டரை அழுத்தினால் டஸ்டரும் சேர்ந்து துடித்தது. இரண்டு முறை துடைத்துப் பார்த்துவிட்டு அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த இடத்தில் பித்தாகரஸ் தேற்றத்தை நிரூபித்தார். அன்றிலிருந்து அந்தப் பலகையில் கணக்குக்கு முக்கால் இடம்தான்.

யார் பக்கத்தில் நிற்கிறார்களோ அவர்கள் இதயம்போல அது துடிக்கும் என்பதைப் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். வீட்டுப்பாடம் செய்யாத தில்ஷாத்தை டீச்சர் எழுப்பிப் பலகைக்கு அருகில் கூப்பிட்டபோது, 'செஞ்சுட்டேன் டீச்சர், நோட்டை வீட்டுல வெச்சுட்டேன்' என்று அவள் சொல்லச் சொல்ல, இதயம் ஓட்டமெடுத்துக் கட்டத்தைத் தாண்டிக் குதித்தது. அப்புறம் ஒரு வாரம் எல்லோரும் வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்தார்கள். மறுவாரம் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அன்று, மாணவர் வருகையெல்லாம் சரியாக இருக்கிறது என்று டீச்சர் பலகைக்கு முன்னால் நின்று சொன்னபோது அதே இதயம் அதைவிட வேகமாகக் குதித்தது. அதிலிருந்து யாரையும் பலகைக்கு முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை என்று அவர் முடிவெடுத்தார்.

நெருஞ்சிப்பாளையம் விசைத்தறி ஊர். தெருவுக்கு நான்கு தறிக்கூடம், ஒவ்வொன்றிலும் எட்டுத் தறி, பத்துத் தறி. மின்சாரம் இருக்கிற நேரமெல்லாம் தடக்கு தடக்கென்று நூலை இழுத்துக்கொண்டு நாடா இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஊரில் பிறந்த குழந்தை முதலில் கேட்கிற சத்தம் அதுதான். நாற்பது வயதுக்கு மேல் யாருக்கும் காது பாதிதான் கேட்கும். பேசினால் கத்துவார்கள், கத்த முடியாத இடத்தில் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் தன் நெஞ்சு அடிக்கிற சத்தத்தை யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அதனால் பள்ளிக்கூடத்தில் ஓர் இதயம் துடிக்கிறதாம் என்ற சேதி பரவியபோது, அது எப்படித் துடிக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வந்தால் பார்க்கலாம் என்றுதான் கேட்டார்கள்.

முதலில் வந்தவர் மகுடேஸ்வரியின் அப்பா சென்னியப்பன். ஷிப்ட் முடிந்து, தலைமயிரிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்க, செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து பலகைக்கு முன்னால் நின்றார். இதயம் அவருடையதாக மாறி மெதுவாக, கனமாகத் துடித்தது. காது கேட்காததால் அவர் உள்ளங்கையைப் பலகைமேல் வைத்தார்.

"இது நானா கண்ணு?" என்று கத்தினார்.

"ஆமாங்கப்பா. நீங்கதான்."

"நான் தூங்கறப்பவும் இது ஓடுதா?"

"ஓடுமுங்கப்பா. ஒரு நாளைக்கு லட்சம் தடவை."

சென்னியப்பன் கையை எடுக்காமலே யோசித்தார். "லீவே இல்லையா இதுக்கு?" என்றார். பிறகு, யாருக்காவது நன்றி சொல்ல மறந்து முப்பது வருடம் ஆகிவிட்டதுபோல, பலகையைப் பார்த்து இரண்டு கைகளையும் குவித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் ஊரே வந்தது. சாயங்காலம் நாலரைக்கு மேல் பார்க்கலாம், பிள்ளைகள் இருக்கும்போது கூடாது, பலகையை நகத்தால் சுரண்டக் கூடாது என்று டீச்சர் ஓர் அட்டையில் எழுதிக் கதவில் மாட்டினார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் இருபத்துநான்கு தறிக்கு முதலாளியுமான நல்லமுத்து, முதல் வெள்ளிக்கிழமையே கற்பூரத்தட்டோடு வந்து பலகைக்கு மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினார். தன் இதயம் பெரியதாகவும் கம்பீரமாகவும் துடிப்பதைப் பார்த்து, 'பாருங்க, குதிரையாட்ட போகுது' என்று கூட வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டார். சத்துணவு சமைக்கிற அக்கா, எல்லாருக்கும் சோறு போடுகிறேன், அது எங்கே போகிறதென்று எனக்குக் காட்டு என்று மகுடேஸ்வரியிடம் கேட்க, அவள் வகுப்பின் பின்சுவருக்குக் கறுப்பு பெயின்ட் அடிக்கச் செய்து அதில் இரைப்பையும் குடலும் வரைந்தாள். மதியம் போட்ட சாம்பார் சாதம் மூன்றரை மணிக்கு எந்த வளைவில் இருக்கிறதென்று பார்த்துவிட்டு அந்த அக்கா மறுநாளிலிருந்து பருப்பை இன்னும் கொஞ்சம் குழைய வேகவைத்தார். தறிக்காரர்கள் கேட்டு நுரையீரல் வரைந்தாள். ஒவ்வொருவரும் முன்னால் வந்து நிற்க, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு படிந்திருந்தது தெரிந்தது. மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனவர்கள் அத்தனை பேரும் மூக்கிலும் வாயிலும் துண்டு கட்டியிருந்தார்கள். வருடா வருடம் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்து சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம் அது.

இப்படியாக அந்த ஊர் தன் உள்ளேயிருந்த ஒவ்வொன்றையும் பார்த்துப் பழகி, எலும்பைப் பற்றியும் கல்லீரலைப் பற்றியும் டீக்கடையில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான் பதினேழாவது பாடம் வந்தது.

பதினேழாவது பாடம் இனப்பெருக்கம். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதை யாரும் நடத்தியதில்லை. 'இதை வீட்டுல படிச்சுக்குங்க' என்று சொல்லிவிட்டு டீச்சர்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அக்காவிடமிருந்து தங்கைக்கு வருகிற பழைய புத்தகங்களில் அந்தப் பக்கங்கள் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டப்பட்டிருக்கும். யார் ஒட்டியது என்று யாருக்கும் தெரியாது. ஜெபராணி டீச்சரும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

"இதை வீட்டுல…"

மகுடேஸ்வரி எழுந்து நின்றாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. எழுந்து நின்றதே மற்றவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"டீச்சர், வீட்டுல யாருக்கும் தெரியாதுங்க டீச்சர்."

டீச்சர் புத்தகத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"எனக்கும் யாரும் சொல்லித் தரல" என்றார். "ஒட்டின பக்கத்தைப் பிரிங்க. கிழியாம, மெதுவா. மகுடா, நீ வந்து வரை."

அவள் பின்சுவரில் வரைந்தாள். தலைகீழாகத் தொங்கும் பேரிக்காய் வடிவில் ஒரு பை, இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல இரண்டு குழாய்கள், ஒவ்வொரு கையின் கீழும் ஒரு பாதாம்பருப்பு. இளஞ்சிவப்புச் சாக்பீஸ் இல்லாததால் சிவப்பையும் வெள்ளையையும் விரலால் கலந்து தேய்த்தாள். தேய்த்து முடித்து அவள் விலகியதும் படத்துக்கு உயிர் வந்தது. டீச்சர்தான் பக்கத்தில் நின்றார் என்பதால் அது டீச்சருடையதாக இருந்தது. நாற்பத்தாறு வருடமாகத் தன்னோடு வந்துகொண்டிருந்த ஒன்றை ஜெபராணி டீச்சர் முதல்முறையாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள், டீச்சரும் சிரித்தார், அந்தச் சிரிப்பிலேயே பாடம் தொடங்கிவிட்டது. ஒன்றரை மணி நேரம் நடந்தது. மணி அடித்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை.

சேதி நல்லமுத்துவுக்குச் சாயங்காலம் போனது. அவர் நனைத்த சாக்குத்துணியோடும் இரண்டு ஆட்களோடும் வந்தார்.

"டீச்சர், இதயம் வெச்சீங்க, கும்புட்டோம். நுரையீரல் வெச்சீங்க, மூக்குல துணி கட்டிக்கிட்டோம். இது என்னுங்க டீச்சர்? வயசுப் புள்ளைக படிக்கற எடத்துல?"

"பதினேழாவது பாடம் ஐயா. புத்தகத்துல உள்ள படம்தான்."

"புத்தகத்துல இருக்கறது புத்தகத்துல இருக்கட்டுமுங்க. அது அசையாதுல்லோ!"

அவரே சாக்கை வாங்கித் துடைக்கப் போனார். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, பலமாகத் துடைத்தார். துடைத்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, பக்கத்தில் எழுதி வைத்திருந்த திருப்புதல் தேர்வுக் கால அட்டவணை முழுவதும் போயிருந்தது, படம் அப்படியே இருந்தது. அவர் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நல்லமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பூட்டுங்க" என்றார். "பரீட்சை முடியற வரைக்கும் இந்த ரூமு தெறக்கக் கூடாது. இல்லீனா மேல எழுதிப் போடுவனுங்க. பத்தாவது புள்ளைகள வேப்பமரத்தடியில உக்கார வைங்க."

டீச்சர் பூட்டினார். அரசுத் தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. பிள்ளைகள் வேப்பமரத்தடியில் கணக்குப் போட்டார்கள். அறிவியல் பாடம் நின்றுபோனது.

அந்த வாரம்தான் மகுடேஸ்வரியின் வீட்டில் அவள் அம்மா பாவாயிக்குத் தேதி குறித்தார்கள். பாவாயிக்கு எட்டு மாதமாக மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. வந்தால் பத்து நாள், பன்னிரண்டு நாள் நிற்பதில்லை. பழைய துணியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு தறிக்கு நடுவே பத்து மணி நேரம் நின்று, வீட்டுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். பைபாஸ் ரோட்டிலிருந்த ஒரு தனியார் நர்சிங் ஹோமில் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை அழுகிவிட்டது, எடுத்துவிட வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எடுத்தால் ஆறு மாதம் தறியில் நிற்க முடியாது. அந்த இரண்டு தறியையும் அம்மாவுக்குப் பதிலாக யார் ஓட்டுவது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, யாரும் பதில் சொல்லவும் இல்லை. நூல் அறுந்தால் முடிச்சுப் போடவும், ஓடுகிற தறியில் நாடா மாற்றவும் மகுடேஸ்வரிக்குத் தெரியும். அது போதுமானதாக இருந்தது. அவளும் அழவில்லை. பாட நோட்டுகளை மட்டும் ஒருநாள் எடுத்து அடுக்கி, அடுக்கியதைக் கலைத்து, மறுபடியும் அடுக்கினாள்.

காலையில் அம்மா அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அழுகிப்போச்சுன்னு யாரும்மா பாத்தாங்க?"

"டாக்டர் பாத்தாரு."

"உனக்குக் காட்டுனாங்களா?"

"எனக்குக் காட்டி நான் என்னத்தக் கண்டன்? அழுகிப்போச்சுன்னாங்க, செரின்னு வந்தன்."

"குடுக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்துட்டுக் குடும்மா."

பாவாயி திரும்பிப் பார்த்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"உன்றதும்மா அது" என்றாள் மகுடேஸ்வரி. "நான் அதுக்குள்ளதான் இருந்தன். எனக்கும் பாக்கோணும்."

அன்று தறிக்கூடத்தில் பாவாயி பக்கத்துத் தறி ராசாமணியிடம் இதைச் சொன்னாள். சத்தமாகச் சொல்லத் தேவையில்லை, அந்தச் சத்தத்தில் சொல்லவும் முடியாது. உதட்டை அசைத்தாள், வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். ராசாமணி திரும்பி அடுத்த தறிக்கு உதட்டை அசைத்தாள். அங்கிருந்து நாடாவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற பெண்களுக்கு, அவர்களிடமிருந்து ஜன்னல் வழியாக எதிர்க் கூடத்துக்கு, அங்கிருந்து அடுத்த தெருவுக்கு, இப்படி ஒரு சொல்கூட வாய்விட்டுச் சொல்லப்படாமலேயே அந்தச் சேதி பதினொரு மணிக்குள் ஊரின் எல்லாக் கூடங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பதினொரு மணிக்குப் பாவாயி தன் இரண்டு தறியையும் நிறுத்தினாள். ராசாமணி தன்னுடையதை நிறுத்தினாள். அப்புறம் ஒவ்வொன்றாக, தெருத் தெருவாக, தறிகள் நின்றன. மின்சாரம் இருக்கும்போதே ஊர் ஓய்ந்தது. கோயில் கோபுரத்தில் புறாக்கள் இருக்கின்றன, அவை சத்தமும் போடும் என்பது சிறுவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. நடந்துவந்த பெண்களின் செருப்புச் சத்தம் பள்ளிக்கூடம்வரை கேட்டது. பஞ்சு ஒட்டிய தலையோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

நல்லமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து பள்ளிக்கூட கேட்டில் குறுக்கே நின்றார்.

"என்ன இது? தறிய நிறுத்திப்போட்டு எங்க வந்தீங்க? ஏனுங்க பாவாயி, உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்லீங்களா?"

பதில் வரிசையின் நடுவிலிருந்து வந்தது.

"நவுருங்க. வெயில்ல நிக்கறோம்."

நல்லமுத்துவின் மனைவி வள்ளியாத்தா அது. அவர் தறி ஓட்டுகிறவர் அல்ல, வீட்டிலிருந்து நேராக வந்திருந்தார், குடைகூடக் கொண்டுவந்திருந்தார். "நாலு பெத்தன், ரெண்டு கலைஞ்சுது. எங்கிருந்து வந்துச்சு, எப்படிப் போச்சுன்னு எனக்கு இன்னும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா இங்கயே சொல்லுங்க, நாங்க திரும்பிப் போயர்றோம்."

நல்லமுத்து மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டார்.

ஜெபராணி டீச்சர் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். தேட வேண்டியிருக்கவில்லை.

பெண்கள் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுவந்த எட்டு முழத் துணியைக் குறுக்கே கட்டித் திரை போட்டார்கள். திரைக்கு உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர், கூட மகுடேஸ்வரி மட்டும், சற்று எட்ட, கையில் அளவுகோலோடு. ஒவ்வொருவருக்கும் அவள் பாகங்களைச் சொன்னாள். இதுதான் கருப்பை. இது அண்டநாளம். இது அண்டகம். இங்கிருந்து மாதம் ஒரு முட்டை புறப்பட்டு இந்த வழியாக வரும். வரும் விருந்தாளிக்கு மெத்தை போடுவதுபோல உள்ளே ஒரு படலம் வளரும், விருந்தாளி வரவில்லையென்றால் மெத்தையைக் கலைத்துவிடும், அதுதான் அந்த மூன்று நாள், அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. புத்தகத்தில் விருந்தாளியும் மெத்தையும் இல்லை. அது அவள் அந்த நேரத்துக்குச் சொன்னது. உள்ளே போகும்போது முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போனவர்கள், வெளியே வரும்போது நீண்ட பயணம் போய்வந்தவர்களைப்போல முகம் தெளிந்து வந்தார்கள்.

ராசாமணி போய் நின்றபோது படம் இல்லாமல் போய்விட்டது. இரண்டு பாதாம்பருப்பு மட்டும் இருபுறமும் நின்றன, நடுவே சுவர் கறுப்பாக இருந்தது. அவளுக்கு ஆறு வருடத்துக்கு முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். ராசாமணி அந்த இடத்தை விரலால் தொட்டாள்.

"இங்கதான் இருந்துச்சா?"

"ஆமாங்க அத்தை."

"எவ்வளவு பெருசு?"

மகுடேஸ்வரி தன் கையை மூடிக் காட்டினாள்.

"அவ்வளவுதானா? அதுக்குள்ளயா மூணு பேரு இருந்தானுக?" ராசாமணி அழுதுகொண்டே சிரித்தாள். "எனக்கொண்ணு வரைஞ்சு வையி கண்ணு. அசையாட்டிப் பரவாயில்லை."

மகுடேஸ்வரி வரைந்தாள். அது அசையவில்லை. ராசாமணி அதைப் பார்த்து நின்றுவிட்டு, போதும் என்று தலையசைத்து வெளியே வந்தாள்.

அடுத்துப் போன கோகிலா, கல்யாணமாகி ஐந்து மாதமான சின்னப் பெண், திரைக்குள் நுழைந்த வேகத்தில் ஒரு கத்துக் கத்தினாள். எல்லோரும் பதறி எழுந்தார்கள். திரையை அவளே விலக்கிக்கொண்டு வெளியே தலையை நீட்டினாள்.

"ஏனக்கா, உள்ளுக்குள்ள கொண்டக்கடலையாட்டம் என்னமோ மினுக்கு மினுக்குன்னு அடிச்சுக்குதுக்கா!"

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் வரிசை முழுவதும் எழுந்த சத்தத்தில், வேப்பமரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. யாரோ குலவையிட்டார்கள், சத்துணவு அக்கா சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், நூறு பேர் வாயிலும் ஒரு சிட்டிகை சர்க்கரை விழுந்தது. கோகிலாவின் புருஷன் எந்தக் கூடத்தில் இருக்கிறான் என்று தேடி ஆள் போனது.

பாவாயி கடைசியாகப் போனாள். தன் வரிசை வந்தபோதெல்லாம் பின்னால் நிற்பவர்களுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். திரைக்குள் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அழுகியிருக்குதா கண்ணு? நீ பாத்துச் சொல்லு. எனக்கு வேண்டாம்."

மகுடேஸ்வரி பார்த்தாள். முதலில் அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. பிறகு பாடத்தில் உள்ளபடி வெளியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெளிச்சுவர் வழுவழுப்பாக இருந்தது. குழாய்கள் இரண்டும் சரியாக இருந்தன. நடுவே, தசைச் சுவரில், இடது பக்கம், ஒரு நெல்லிக்காய் அளவில் உருண்டையாக ஒன்று, மரத்தில் கணு இருப்பதுபோல இருந்தது. மற்றபடி அந்தப் பை சிவந்து, வெதுவெதுப்பாக, சுவாசிப்பதுபோல அசைந்துகொண்டிருந்தது. அழுகிய எதையும் அவள் காணவில்லை.

"கண்ணத் தெறம்மா."

"வேண்டாஞ் சாமி."

"அம்மா. அழுகல. தெற."

பாவாயி கண்ணைத் திறந்தாள். நாற்பத்தொரு வயதில், பதினைந்து வருடத்துக்கு முன் பெற்ற பெண்ணின் கையிலிருந்த அளவுகோல் காட்டிய இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நெல்லிக்காயில் அளவுகோல் நின்றது.

"இதுதான் தொந்தரவு பண்ணுதும்மா. இது என்னன்னு எனக்குத் தெரியாது, புத்தகத்துல இல்ல. பெரியாஸ்பத்திரியில கேக்கோணும். ஆனா மத்ததெல்லாம் நல்லா இருக்குது."

"இத்தனூண்டுக்கா மொத்தத்தையும் கேட்டாங்க?" என்றாள் பாவாயி. அவளுக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் வெட்கம் வந்தது, அப்புறம் இரண்டும் போய், தூளியில் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோலச் சுவரையே பார்த்து நின்றாள். "பாவம், இத்தனை நாளு வலியோட வேலை செஞ்சுருக்குது" என்றாள்.

எல்லோரும் பார்த்து முடித்த பிறகும் நல்லமுத்து கேட்டிலேயே நின்றிருந்தார். வள்ளியாத்தா குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தபோது மெல்லக் கேட்டார்.

"ஏ வள்ளி. நானும் ஒருக்கா பாக்கலாமா?"

அவர் போய் முகத்தைத் திருப்பாமல் நேராக நின்றார். படம் வெறும் சாக்பீஸாகவே இருந்தது. இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலீங்களே?"

"உங்களுக்கு ஆகாதுங்க ஐயா" என்றாள் மகுடேஸ்வரி.

வெளியே நூறு பெண்கள் சிரித்தார்கள். நல்லமுத்துவும் கொஞ்ச நேரம் கழித்து, தலையைச் சொறிந்துகொண்டு, சிரித்தார். சாவி டீச்சரிடமே இருக்கட்டும் என்றார். மறுநாளிலிருந்து பதினொரு மணிக்கு ஒரு மணி நேரம் தறிகளை நிறுத்துவது என்று ஆனது. முதலில் அவருடைய இருபத்துநான்கு தறிகள்தான் நின்றன, வீட்டில் சோறு வேண்டுமே. பெண்கள் பத்தாம் வகுப்பின் பின்பெஞ்சுகளிலும் தரையிலும் வந்து உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். தறியில் நின்று பழகிய சிலர் நின்றுகொண்டே கேட்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள். ஜெபராணி டீச்சர் முன்னைவிடச் சத்தமாக வாசித்தார், பாதிப் பேருக்குக் காது கேட்காதே.

நர்சிங் ஹோமுக்குப் போக வேண்டிய வெள்ளிக்கிழமை பாவாயி போகவில்லை. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மகளோடு ஈரோட்டுக்குப் போய், அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ஸ்கேன் எடுத்தாள். அங்கிருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். காலையிலிருந்து ஓயாமல் பார்த்த களைப்பில், நிமிராமலே ரிப்போர்ட்டைப் படித்தார்.

"கட்டி இருக்கும்மா. சின்னதுதான், ரெண்டு சென்டிமீட்டர். பயப்பட ஒண்ணுமில்ல, கர்ப்பப்பைய எடுக்க வேண்டிய அவசியமும் இல்ல. மாத்திரை தர்றேன், ரத்தம் குறையும். மூணு மாசம் கழிச்சு வாங்க."

பாவாயி எழுந்திருக்கவில்லை.

"டாக்டரம்மா, அது தசைச் சுவத்துக்குள்ளதானுங்களே இருக்குது? அகப்படலத்தத் தொடலீங்களே?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"தொடல" என்றார். "தசைக்குள்ளதான்."

"எடது பக்கம்."

"ஆமா, இடது பக்கம்." டாக்டர் இப்போது நன்றாக நிமிர்ந்து, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த, காதோர முடியில் பஞ்சு ஒட்டியிருந்த பெண்ணைப் பார்த்தார். பக்கத்தில் பள்ளிக்கூடத் தாவணியில் நின்ற மகளையும் பார்த்தார். "நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?"

பாவாயி ஐந்தாவதோடு நின்றவள். இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்வது அவள் வழக்கம். இந்த முறை மகளைப் பார்த்தாள். மகள் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாவாயி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"பத்தாவதுங்க டாக்டர்" என்றாள். "பதினேழு பாடம் முடிஞ்சுது. பதினெட்டாவது திங்கக்கெழமை எடுக்கறாங்க."